வெயிலடித்தால் கதவைச் சாத்தவும்

பிப்ரவரி 5, செவ்வாய்

அருங்காட்சியகத்தின் கூரையைப் பிரிக்கப் போகிறார்கள். மூன்று ஆண்டு வேலையாம். அப்படியென்றால் ஐந்து. சிற்பங்கள் எல்லாம் நெடுஞ்சாலையோரத்தில் இருக்கும் ஒரு தகரக் கிடங்குக்குப் போகும் என்று இயக்குநர் லாஸ்ஸான் இன்றைய கூட்டத்தில் அறிவித்தார். முன்பு அதில் மீன் வைத்திருந்தார்கள். அப்போஸ்தலர்களில் பாதிப் பேர் மீனவர்கள்தானே, பொருத்தமான இடம்தான் என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

நான் கையைத் தூக்கினேன். மடத்துத் தேவாலயம் சும்மாதானே கிடக்கிறது என்றேன். அந்தப் பதினோரு மர அப்போஸ்தலர்களும் அதன் தூண்களுக்காகவே செதுக்கப்பட்டவர்கள். துறவிகளை விரட்டியபின் ஊரெல்லாம் அலைந்து, கடைசியில் எங்கள் இரண்டாம் மாடியில், குடை வைக்கும் ஸ்டாண்டுக்கு எதிரே வந்து நிற்கிறார்கள். கூரை போடும் காலத்துக்காவது வீட்டுக்குப் போகட்டுமே.

"அங்க ஹீட்டிங் கிடையாதே, டாக்டர் டீட்கே" என்றார் லாஸ்ஸான்.

துறவிகளுக்கும் கிடையாது என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "எழுதிக் குடுங்க" என்றார்.

எழுதிக் குடுங்க. இந்த அருங்காட்சியகத்தில் நான் சேர்ந்த நாளிலிருந்து கேட்கும் வாக்கியம். கிழக்கையும் மேற்கையும் பிரித்த சுவர் விழுந்தபின் இரண்டு முறை இயக்குநர் நாற்காலி காலியானது. இரண்டு முறையும் மேற்கிலிருந்து ஒருவர் வந்து உட்கார்ந்தார். இவர் காசெல் நகரம், என்னைவிடப் பதினாறு வயது இளையவர். இந்தக் கிராவெலோ ஊரிலேயே பிறந்து, இந்தச் சிற்பங்களைப் பற்றியே ஆய்வு எழுதிய நான் துணை இயக்குநர். எப்போதும் துணை.

எழுதிக் கொடுப்பேன். இந்த முறை அலமாரியில் தூங்க விடமாட்டேன்.

பிப்ரவரி 12, செவ்வாய்

மீல்கேயைத் தேவாலயத்துக்கு அழைத்துப் போனேன். பழைய மரச் சிற்பங்களின் வண்ணம் உதிராமல் காப்பதுதான் அவர் தொழில். அவர் ஒப்புக்கொள்ளாமல் சிற்பத்தின் ஒரு விரலைக்கூட நகர்த்த முடியாது. டார்ச்சை அடித்துச் சுவரைப் பார்த்தார், முகர்ந்தார், கையை வைத்தார். பழைய ஆட்சியில் இது தானியக் கிடங்காக இருந்தது. இன்னும் மூலைகளில் அந்த வாசனை.

சுவர் ஒன்றரை மீட்டர் கனம். உள்ளே காற்று அசையவில்லை. அதுதான் இதன் பலம் என்றேன். குளிர் சிற்பங்களைக் கெடுக்காது. திடீர் மாற்றம்தான் கெடுக்கும். அவருக்குத் தெரியாததா?

"ஒத்துக்கறேன். ஆனா ஒரு தடவ, ஒரே ஒரு தடவ உள்ள தண்ணி கோத்துச்சுன்னா, லாரிய வரவெச்சுடுவேன். நேரா கிடங்குக்கு. அப்பறம் நீங்க எங்கிட்ட பேசக்கூடாது."

கை கொடுத்தேன். அவர் கையும் கல்லைப் போலச் சில்லிட்டிருந்தது.

பிப்ரவரி 13

அனுமதி வந்துவிட்டது. திறப்பு மே 18. ஐம்பத்தேழு வயதில் முதன்முதலாக ஒரு கண்காட்சி, என் பொறுப்பில்.

பிப்ரவரி 21, வியாழன்

தேவாலயத்தை நகராட்சி ஒரு சங்கத்திடம் ஒப்படைத்திருக்கிறது. சங்கம் என்றால் ரோஸ்வித்தா டாபெல்ஸ்டைன். சாவி ஒன்றே ஒன்று, இரும்பு, ஒரு சாண் நீளம். அது அவர் வீட்டு வாசலுக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் தொங்குகிறது. காலையில் நான் போய்க் கேட்டு வாங்க வேண்டும்.

"அஞ்சு மணிக்குள்ள கொண்டாந்துடு, வோல்க்மார். தொலச்சுடாத."

எழுபத்தெட்டு வயது. முதுகு இன்னும் கோல் மாதிரி நிற்கிறது. பள்ளியில் எங்களுக்கு உடற்பயிற்சி ஆசிரியை. ஆறாம் வகுப்பில், தோல் போர்த்திய உயர மரப்பெட்டியைத் தாண்டச் சொன்னார். நான் ஓடினேன், எகிறினேன், பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். இறங்கத் தெரியவில்லை. "நல்லா வசதியா உக்காந்திருக்கான். யாராச்சும் அவனுக்குக் காப்பி கொண்டாங்க" என்றார். வருடம் முழுக்க என் பெயர் காப்பி.

அவர் மறந்திருப்பார். மறக்கும் வசதி எப்போதும் சொன்னவருக்குத்தான்.

மார்ச் 8, வெள்ளி

இனி தேவாலயத்துக்குள் பாட்டுக் குழு ஒத்திகை கூடாது என்று சங்கத்துக்குத் தெரிவித்தேன். நாற்பது பேர் இரண்டு மணி நேரம் வாயைத் திறந்து மூச்சு விட்டால் எவ்வளவு ஈரம் சேரும் என்று எனக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரியாது. மரியாதையாகத்தான் சொன்னேன். மகளிர் தினம் என்பது நினைவில் இல்லை. எல்லோர் கையிலும் சிவப்புக் கார்னேஷன் பூ. என் கையில் தடை உத்தரவு.

மார்ச் 14, வியாழன்

உள்ளூர்ப் பத்திரிகையில் டாபெல்ஸ்டைனின் கடிதம். தேவாலயத்தில் மூச்சு விடத் தடை என்று தலைப்பு. ரொட்டிக் கடைக்காரர் பொட்டலத்தை நீட்டியபடி, இங்கே மூச்சு விடலாமா டாக்டர் என்று கேட்டார். வரிசையில் நின்றவர்கள் தரையைப் பார்த்துச் சிரித்தார்கள்.

போதும். இனி அந்த அம்மாளோடு ஒரு வார்த்தை கிடையாது. காலையில் ஆணியிலிருந்து சாவியை நானே எடுத்துக்கொள்கிறேன். மாலையில் தபால் துளை வழியே உள்ளே போட்டுவிடுகிறேன். தரையில் விழும் சத்தம் அவருக்குக் கேட்டால் போதும்.

மார்ச் 19, செவ்வாய்

தேவாலயத்தின் காற்று, வெப்பம், ஈரம் பற்றிய நெறிமுறையை எழுதி முடித்தேன். பன்னிரண்டு பக்கம். பெருமையாக இருக்கிறது, ஏன் மறைக்க வேண்டும்? எப்போது கதவைத் திறக்கலாம், எப்போது கூடவே கூடாது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. லாஸ்ஸான், மீல்கே, கட்டட அலுவலகம், தீயணைப்பு நிலையம் — எல்லோருக்கும் அனுப்பினேன். சங்கத்துக்கு அனுப்பவில்லை. என் மூச்சையே பத்திரிகைக்கு அனுப்பியவருக்கு என் தாள் எதற்கு?

ஏப்ரல் 2, செவ்வாய்

வந்துவிட்டார்கள்.

பெட்டிகளிலிருந்து ஒவ்வொருவராக எடுத்து, தூண்களில் நீட்டிக்கொண்டிருக்கும் கல் தாங்கிகளில் நிறுத்தினோம். என் தலைக்குச் சற்று மேலே. அவர்களுக்காகவே வெட்டிய தாங்கிகள். அடிக்கட்டை ஒவ்வொன்றும் கையுறை போலப் பொருந்தியது.

இத்தனை வருடமாகப் பேதுருவின் முகத்தில் சிற்பி ஏதோ தவறு செய்துவிட்டான் என்று நினைத்திருந்தேன். நெற்றி முன்னால் தள்ளியிருக்கும், மூக்கு நீளம், கண்கள் தரையைப் பார்க்கும். என் ஆய்விலேயே அதைக் குறையென்று எழுதியிருக்கிறேன். இன்று கீழிருந்து நிமிர்ந்தேன். நெற்றி சரியாகிவிட்டது. மூக்கு சரியாகிவிட்டது. கண்கள் என்னைப் பார்த்தன. தவறு சிற்பியுடையது அல்ல. இரண்டாம் மாடியுடையது.

மீல்கேகூடக் கொஞ்ச நேரம் கருவியைக் கீழே வைத்துவிட்டு நின்றார். பிறகு யாக்கோபின் நீல அங்கியில் பழைய வண்ணக் கொப்புளம் ஒன்றைக் காட்டி, அதன்மேல் ஒரு கண் இருக்கட்டும் என்றார்.

பன்னிரண்டாவது தாங்கி காலி. தோமா எப்போதோ தொலைந்துவிட்டார். அங்கே ஒரு திரை வைத்துப் படம் காட்டலாம் என்றார் லாஸ்ஸான். வேண்டாம் என்றேன். வாதாடத் தயாராக இருந்தேன். "சரி, காலியாவே இருக்கட்டும்" என்று போய்விட்டார். தயாரித்து வைத்திருந்த வாதம் வீணாகிவிட்டது.

இந்தக் கோடை முழுக்க இவர்கள் இங்கேதான் நிற்பார்கள். யார் வந்து என்ன சொன்னாலும்.

ஏப்ரல் 19, பெரிய வெள்ளி

திடீர் வெயில். நேற்றுவரை கம்பளிக் கோட்டு, இன்று ஊரே சட்டையோடு. தெருவில் எல்லா ஜன்னலும் திறந்திருக்கிறது, மெத்தைகள் தொங்குகின்றன. தேவாலயத்துக்குள் ஏழு டிகிரி. பூட்டிவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 20, சனி

நடந்ததை வரிசையாக எழுத முயல்கிறேன்.

மதியம் சாவி எடுக்கப் போனேன். ஆணியில் இல்லை. தேவாலயத்தைப் பார்த்தேன். மேற்கு வாசல் விரியத் திறந்திருந்தது. தெற்கு வாசல், வடக்கு வாசல், உயர ஜன்னல்கள், எல்லாமே. ஈஸ்டருக்காகச் சங்கத்துப் பெண்கள் துடைப்பமும் வாளியுமாக. டாபெல்ஸ்டைன் வாசலில் நின்று, குளிர்காலம் முழுக்க அடைத்துக் கிடந்த இடத்துக்குள் வெயிலையும் காற்றையும் விட்டுக்கொண்டிருந்தார். இந்த ஊரில் எவர் வீட்டிலும் இதைத்தானே செய்வார்கள். முதல் வெயிலுக்கு எல்லாவற்றையும் திற. என் அம்மாவும் அப்படித்தான்.

உள்ளே தரை கறுத்திருந்தது. மழை பெய்ததுபோல. தூண்கள் வியர்த்து வடிந்துகொண்டிருந்தன. அந்தப் பெண்கள் துடைக்கத் துடைக்க மறுபடி ஈரம். இது எங்கிருந்து வருகிறது என்று அவர்களே குழம்பி நின்றார்கள்.

கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. சாத்துங்க, எல்லாத்தையும் சாத்துங்க, யாரக் கேட்டுத் தொறந்தீங்க. அப்படி ஏதோ. ஒரு பெண் வாளியைக் கீழே வைத்துவிட்டு அழுதார்.

யாக்கோபின் கொப்புளம் இரண்டு மடங்காகிவிட்டது.

உள்ளே ஈரத்தை அளக்கும் பதிவுக் கருவி எல்லாவற்றையும் மீல்கேயின் கணினிக்கு அனுப்பியிருக்கும். மறைக்க வழியில்லை. மறைக்க நினைத்தேனா? ஒரு கணம், ஆமாம்.

ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு

மீல்கே போன் செய்தார். வெள்ளிக்கிழமைக்கு லாரி சொல்லிவிட்டாராம்.

ஏப்ரல் 23, செவ்வாய்

தேவாலயத்துக்குள்ளேயே கூட்டம். மீல்கே, லாஸ்ஸான், நான். டாபெல்ஸ்டைனை யாரும் கூப்பிடவில்லை, தானே வந்தார்.

கதவைத் திறந்தது யார் என்று லாஸ்ஸான் கேட்டார். எனக்கு நாக்கு துறுதுறுத்தது. பத்திரிகைக் கடிதத்துக்கும் காப்பிக்கும் சேர்த்து ஒரே பதில் இருந்தது. நான் வாய் திறப்பதற்குள் டாபெல்ஸ்டைனே சொன்னார்.

"நாந்தான் தொறந்தேன். முப்பது வருஷமா வெயிலடிச்சா தொறக்கறேன். கூடாதுன்னு யாராச்சும் எங்கிட்ட சொன்னீங்களா?"

மீல்கே என்னைப் பார்த்தார். "பன்னெண்டு பக்கம் எழுதுனீங்களே டாக்டர். இவங்களுக்குப் போகலயா?"

போகவில்லை என்றேன். வேறு என்ன சொல்ல? லாஸ்ஸான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டினால் திருப்பித் திட்டலாம்.

ஆனால் நான் அங்கே யார் குற்றம் என்று பார்க்கப் போகவில்லை, அப்போஸ்தலர்களை அங்கேயே நிறுத்தி வைக்கப் போனேன். அதனால் சொல்லவேண்டியதைச் சொன்னேன். மூடி மட்டும் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். காற்று வேண்டும், ஆனால் சரியான காற்று. வெளியே குளிர்ந்து வறண்டிருக்கும் விடியற்காலையில் திறக்க வேண்டும், வெயில் ஏறும் முன் சாத்த வேண்டும். தினமும் உள்ளேயும் வெளியேயும் அளந்து பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். கோடை முடியும்வரை.

"தெனமும் விடியக்காலைல யாரு வருவா? நீங்களா? உங்களுக்குக் காய்ச்சல் வந்தா?" என்றார் மீல்கே. பத்துப் பேராவது இருந்தால் நம்புவாராம். லாஸ்ஸானின் ஆட்கள் எல்லோரும் பெட்டி கட்டுவதில் இருக்கிறார்கள்.

"வெள்ளிக்கெழமைக்குள்ள ஆளக் காட்டுங்க. இல்லன்னா லாரி."

பத்துப் பேர். இந்த ஊரில் நான் ஓர் உதவி கேட்கக்கூடிய பத்துப் பேரை எண்ணிப் பார்த்தேன். விரல் மடக்க வேண்டிய தேவை வரவில்லை.

ஏப்ரல் 24

இரண்டு முறை டாபெல்ஸ்டைன் வீட்டு வாசல்வரை போய்த் திரும்பினேன். மூன்றாம் முறை மணி அடித்தேன். எதற்கு வந்தேன் என்று சொல்வதற்குள், "நாளைக்குப் பத்து மணிக்கு ஜிம்முக்கு வா. எங்கிட்ட கேட்டா நான் ஒருத்திதான். அவங்ககிட்ட நேரா கேளு" என்றார். கதவைச் சாத்தவில்லை. நான் படி இறங்கும்வரை நின்றார்.

ஏப்ரல் 25, வியாழன்

பழைய பள்ளி ஜிம். அதே மெழுகு வாசனை. மூலையில் அதே மரப்பெட்டி, தோல் கிழிந்திருக்கிறது. டாபெல்ஸ்டைனின் வியாழக்கிழமை உடற்பயிற்சிக் குழுப் பெண்கள் பதினைந்து பேர் பெரிய ரப்பர் பந்துகளின் மேல் உட்கார்ந்து கையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். சனிக்கிழமை அழுதவரும் இருந்தார். வால்ட்ராவுட் என்று பெயர். என்னைப் பார்த்ததும் சுவரைப் பார்த்தார்.

பையில் பனிக்கட்டி சுற்றிய ஒரு பீர் பாட்டில் கொண்டுபோயிருந்தேன். எடுத்துப் பெட்டியின் மேல் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் பாட்டில் வியர்த்தது, துளி துளியாகத் தோலில் இறங்கியது.

தேவாலயம் இதுதான் என்றேன். குளிர்காலம் முழுக்கக் குளிர்ந்த கல். வெதுவெதுப்பான காற்று அதன்மேல் பட்டால் தண்ணீர் விடும். வெளியே எவ்வளவு அழகான நாளோ, உள்ளே அவ்வளவு ஆபத்து.

"அப்ப வெயிலடிச்சா சாத்தணும், நடுங்குனா தொறக்கணும்" என்றார் வால்ட்ராவுட், சுவரைப் பார்த்தபடியே. "எல்லாம் தலகீழா."

ஆமாம் என்றேன். பிறகு அவரிடம் சனிக்கிழமை கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். தாளை அனுப்பாதது என் வீம்பு என்றும் சொன்னேன். நல்லபடியாகச் சொல்லவில்லை, திக்கித் திக்கித்தான்.

டாபெல்ஸ்டைன் பந்திலிருந்து எழுந்தார். "நாமெல்லாம் எப்படியும் நாலரைக்கு முழிச்சுட்டுப் படுக்கையில பெரண்டுட்டுதான கெடக்கறோம். யாரெல்லாம்?"

பதின்மூன்று கைகள். பாட்டுக் குழு மடத்தின் உள்முற்றத்தில், திறந்த வெளியில் பாடலாம், நான் வந்து கேட்க வேண்டும் என்பது அவர்கள் விதித்த நிபந்தனை. பன்னிரண்டு பக்கத்தை ஒரே பக்கமாக்க வேண்டும் என்பது இன்னொன்று.

"அந்த பீர நான் குடிக்கலாமா?" என்றார் கடைசி வரிசையில் ஒருவர்.

ஏப்ரல் 26, வெள்ளி

மீல்கே பதின்மூன்று பேரையும் தூண்களுக்கு நடுவே வரிசையாக நிற்க வைத்து ஒவ்வொருவரிடமும் கேள்வி கேட்டார், பரீட்சை மாதிரி. வால்ட்ராவுட் பீர் பாட்டில் என்று ஆரம்பித்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. லாரியை ரத்து செய்தார். யாக்கோபின் கொப்புளத்தை அங்கேயே ஏணியில் நின்று ஒட்டினார். மறுபடி ஒரு முறை வியர்த்தால் தன்னிடம் வாதாட வேண்டாம் என்றார்.

மே 3, வெள்ளி

இன்று டாபெல்ஸ்டைனும் நானும். புல்லில் பனி வெள்ளையாக உறைந்திருந்தது. மூன்று வாசலையும் திறந்து வைத்துவிட்டுக் கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். தெருவில் நாயோடு போனவர் எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

தினமும் நாங்கள் படித்துப் பார்க்க வேண்டிய ஈரமானியை உள்ளே எங்கே வைப்பது என்று இழுபறி. பேதுருவின் காலடியில் வைக்க விடமாட்டேன் என்றேன். அவர் பன்னிரண்டாவது தாங்கியைக் காட்டினார்.

"தோமா எடம்தான காலியா இருக்கு. அவரும் தொட்டுப் பாக்காம எதையும் நம்பாத ஆளு. அங்கயே வெச்சுடு."

வைத்தேன். எட்டிப் படிக்க முடியவில்லை. நாளைக்கு ஏதாவது கொண்டுவருகிறேன் என்றார்.

மே 4

கொண்டுவந்தது அந்த மரப்பெட்டியின் மேல்பாகம். அதேதான், தோல் கிழிந்தது.

தோமாவின் தூணடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. ஏறினேன். எண்ணைப் படித்தேன். இறங்கினேன்.

"பரவால்ல. இப்ப எறங்கத் தெரியுது" என்றார்.

மறக்கவில்லை. இத்தனை வருடமும்.

மே 18, சனி

திறப்பு. உள்ளே பதினோரு டிகிரி. வந்தவர்களுக்குக் கம்பளிப் போர்வை கொடுத்தோம். நகரத் தலைவர் போர்வைக்குள்ளிருந்து பேசினார், அதனால் சுருக்கமாகப் பேசினார். லாஸ்ஸான் தன் உரையில் நன்றி சொன்னவர்களில் விளக்குக் கம்பெனிக்கு அடுத்து என் பெயர். விளக்குக் கம்பெனிக்கு அடுத்து. குறித்து வைக்கிறேன்.

அந்தப் பேச்சு நடந்துகொண்டிருந்தபோது ரொட்டிக் கடைக்காரர் பேதுருவுக்குக் கீழே தலையை நிமிர்த்தி நின்றார். போர்வை தோளிலிருந்து நழுவியது, எடுக்கவில்லை. அவ்வளவு நேரம் ரொட்டியைத் தவிர வேறெதையும் அவர் பார்த்து நான் கண்டதில்லை.

ஜூன் 26, புதன்

வெளியே முப்பத்தாறு டிகிரி. வாசலில் நின்று, கதவைத் திறந்து வையுங்கள் என்று கேட்ட ஒவ்வொருவரிடமும் முடியாது என்றேன். ஒருவர் என்னைச் சிறைக் காவலர் என்றார். லாஸ்ஸானிடமே புகார் போனது. அவர் வந்து எனக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, அதே மனிதரிடம், "டாக்டர் சாத்தச் சொன்னா சாத்திதான் இருக்கும்" என்றார். காசெலில் இப்படிப் பேசக் கற்றுக்கொடுக்கிறார்கள் போலும்.

ஜூலை 14, ஞாயிறு

உள்முற்றத்தில் பாட்டுக் குழு. நிபந்தனைப்படி போனேன். ஆண் குரல்கள் சுருதி கொஞ்சம் தாழ்ந்தே பாடின. கடைசிவரை இருந்தேன்.

ஆகஸ்ட் 30

யாக்கோபு நலம்.

அக்டோபர் 13, ஞாயிறு

கண்காட்சியின் கடைசி நாளாக இருக்க வேண்டியது.

போன வாரம் மீல்கே எல்லோரையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். வண்ணம் எங்கேயும் எழவில்லை. இரண்டாம் மாடியில் இருந்ததைவிட இங்கே காற்று நிலையாக இருந்ததாம். எழுத்தில் கொடுங்கள் என்றேன், கொடுத்தார். கூரை வேலை நான் சொன்னதுபோலவே இழுத்துக்கொண்டு போகிறது. அருங்காட்சியகம் திறக்கும்வரை அப்போஸ்தலர்கள் இங்கேயே இருக்கட்டும் என்று லாஸ்ஸான் நேற்றுக் கையெழுத்திட்டார். குளிர்காலத்துக்கான நெறிமுறையை எழுதச் சொன்னார். அதுவும் ஒரே பக்கம்தான்.

இன்று இருபத்திரண்டு டிகிரி. மறுபடி தெரு முழுக்க ஜன்னல்கள் திறந்து மெத்தைகள் தொங்கின. டாபெல்ஸ்டைன் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து பிளம் கேக் தின்றுகொண்டிருந்தார், எனக்கும் ஒரு துண்டு வைத்திருந்தார். வெளியூர்த் தம்பதி வந்தார்கள். அந்த அம்மாள் உள்ளே போய்த் திரும்பி வந்து, இவ்வளவு நல்ல நாளில் கதவைத் திறந்து காற்று விடக்கூடாதா, உள்ளே குளிர் வாசனை அடிக்கிறதே என்றார். நான் வாயில் கேக்கோடு இருந்தேன்.

"நல்ல நாள்னாலதான் சாத்தியிருக்கோம்" என்றார் டாபெல்ஸ்டைன். "காத்து வேணும்னா நாளைக்கு விடியக்காலைல வாங்க. ஸ்வெட்டரோட."

சாயங்காலம் பூட்டினேன். அவர் சாவியைக் கேட்கவில்லை, கேக்குத் தட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். நான் என் வழியில் வந்தேன்.

கோட்டின் வலது பை கிழிந்துவிட்டது. அந்தச் சாவியின் கனம். நாளைக்குத் தையற்கடையில் கொடுக்க வேண்டும், உள்ளே தடித்த துணி வைத்துத் தைக்கச் சொல்லி.